அத்தியாயம் 9: கையடக்க கேம் கன்சோல் – எதை நீங்களே மாற்றலாம், எதைக் கடையில் கொடுக்கலாம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளுக்குக் கையடக்க கேம் கன்சோல் வந்து சேரும் வழிகள் சில உண்டு. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த மாமா பெட்டியில் கொண்டுவந்திருப்பார். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியிருப்பார்கள். ஆன்லைனில் சீனத் தயாரிப்பு ஒன்றை வரவழைத்திருப்பார்கள். நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்கும் இங்கே அதிகாரபூர்வமாக வரவில்லை. சோனி பிஎஸ்பியை ஒரு காலத்தில் இங்கே விற்றது. அந்த வரிசையே நின்றுவிட்டது. ஆசுஸ், லெனோவோ, எம்எஸ்ஐ போன்ற சில நிறுவனங்களின் கையடக்கக் கணினிகளுக்குத்தான் இங்கே பில்லும் வாரண்டியும் உண்டு. மற்றவை பழுதானால் உங்கள் கையையும் தெருமுனை செல்போன் சர்வீஸ் கடையையும்தான் நம்ப வேண்டும்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. பழுது எந்த வகை என்று பிரித்தறியத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும்.

இரண்டு வகைப் பழுது

கன்சோலுக்குள் இருப்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். பேட்டரி, ஸ்டிக், விசிறி, பட்டனுக்கு அடியிலுள்ள ரப்பர், சார்ஜிங் பின் ஆகியவை தேயும் பாகங்கள். நன்றாகப் பராமரித்தாலும் ஒருநாள் தேய்ந்துதான் போகும். மெயின் போர்டும் அதன் மேலுள்ள சிப்களும் சாதாரணப் பயன்பாட்டில் எளிதில் தேய்வதில்லை. பெரும்பாலும் அடிபட்டுத்தான் சாகின்றன. தண்ணீர், பொருந்தாத சார்ஜர், கீழே விழுவது, அவசரக் கை ஆகிய நான்கும்தான் அவற்றுக்கு எமன்.

தேயும் பாகத்தை மாற்றப் பொறுமை வேண்டும். போர்டு வேலைக்கு மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர், பல வருடப் பழக்கம் மூன்றும் வேண்டும். முதல் வகையில் பெரும்பகுதியை வீட்டிலேயே முடிக்கலாம். இரண்டாவது வகையை வீட்டில் தொடவே கூடாது. பேட்டரி கனெக்டரைக் கழற்றாமல் ஸ்டிக்கை மாற்றப் போய் போர்டை ஷார்ட் ஆக்கியவர்கள் எல்லாக் கடைக்கும் வந்து போவார்கள். போர்டுப் பழுதுகளில் பல, எளிய வேலையை அவசரமாகச் செய்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

உள்ளே என்ன இருக்கிறது

2017 மார்ச்சில் வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்சைக் குப்புறப் போட்டுப் பின்மூடியைக் கழற்றினால் ஓர் உலோகத் தகடு தெரியும். அது ஷீல்டு. அதையும் எடுத்தால் செம்பு வெப்பக்குழாயும் சிறிய விசிறியும் தெரியும். வெப்பக்குழாய்க்குக் கீழே தெர்மல் பேஸ்ட் பூசிய முதன்மைச் சிப், என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1. பக்கத்தில் 4310 எம்ஏஎச் பேட்டரி. கேம் கார்டு செருகும் இடமும் ஹெட்போன் ஜாக்கும் தனிச் சிறு போர்டில் இருக்கின்றன. 32 ஜிபி உள்நினைவகமும் ஒரு குட்டிப் போர்டில் தனியாகச் செருகப்பட்டிருக்கிறது. சி டைப் சார்ஜிங் பின் மட்டும் மெயின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே ஹெட்போன் ஜாக் போனால் சிறு போர்டை மாற்றி அன்றே முடித்துவிடலாம். சார்ஜிங் பின் போனால் அது கடை வேலை.

முதல் ஸ்விட்சில் திரையும் அதன் மேலுள்ள டச் பலகையும் ஒட்டப்படாமல் தனித்தனியாக இருக்கின்றன. டச் மட்டும் உடைந்திருந்தால் 6.2 அங்குலத் திரையை மாற்றத் தேவையில்லை. "டிஸ்பிளே முழுசா மாத்தணும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் வேறு வகை. அது கேம் பேடுக்குள் அடைத்த கணினி. சேமிப்புக்கு எம்.2 2230 அளவு எஸ்எஸ்டி, அதைக் கழற்றி மாற்றலாம். இரண்டு பக்க ஸ்டிக்குகளும் தனித்தனித் தொகுதிகள். ஒவ்வொன்றையும் 3 ஸ்க்ரூ பிடித்திருக்கும். உதிரி பாகங்களைப் பழுதுபார்ப்பு வழிகாட்டித் தளமான ஐஃபிக்ஸிட் வழியாக விற்க வால்வ் ஏற்பாடு செய்தது. அந்த விற்பனை இந்தியாவை நேரடியாக எட்டாவிட்டாலும், வழிகாட்டிப் படங்கள் யாருக்கும் இலவசம். குறை ஒன்று உண்டு: பேட்டரியை வலுவான பசையால் ஒட்டியிருக்கிறார்கள்.

வேண்டிய கருவிகள்

நிண்டெண்டோவின் வெளி ஸ்க்ரூக்களுக்கு மூன்று கிளை கொண்ட ஒய் வடிவத் தலை. அதற்கு ஒய்00 பிட் வேண்டும். உள்ளே இருக்கும் சிறிய பிளஸ் ஸ்க்ரூக்கள் ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு. சாதாரண பிலிப்ஸ் பிட்டால் அழுத்தித் திருகினால் தலை மழுங்கிவிடும். ஸ்டீம் டெக்கின் முதல் மாடலுக்கு பிலிப்ஸ் போதும். 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலுக்கு டார்க்ஸ் டி6. செல்போன் சர்வீஸ் கடைகள் வாங்கும் பிட் செட்டில் இவை பெரும்பாலும் இருக்கும். வாங்கும்போது ஒய் பிட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுடன் நெம்புவதற்குப் பிளாஸ்டிக் ஓப்பனர், கிட்டார் பிக் போன்ற மெல்லிய தகடு, வளைந்த முனைச் சாமணம், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் (கடையில் ஐபிஏ என்று கேட்டால் போதும்), மென்மையான பிரஷ், தெர்மல் பேஸ்ட். சார்ஜிங் பழுதைக் கண்டுபிடிக்க, வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் சி டைப் மீட்டர் ஒன்று. உலோகக் கத்தி முனையால் நெம்புவதை மறந்துவிடுங்கள். அடியில் இருப்பது லித்தியம் பேட்டரி.

திறக்கும் ஒழுங்கு

1. பேட்டரியை 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிட்டு, முழுமையாக அணையுங்கள். ஸ்லீப்பில் போடுவது அணைப்பது ஆகாது. ஸ்டீம் டெக்கில் பயாஸுக்குள் 'பேட்டரி ஸ்டோரேஜ்' என்ற வசதி இருக்கிறது; அதைப் போட்டுவிட்டால் சார்ஜரைச் செருகும்வரை இயந்திரம் விழிக்காது.

2. மைக்ரோ எஸ்டி கார்டையும் கேம் கார்டையும் வெளியே எடுங்கள். ஸ்டீம் டெக்கில் இதை மறந்து மூடியை நெம்பினால் கார்டு இரண்டாக ஒடியும்.

3. ஒரு வெள்ளைத் தாளில் கன்சோலின் முதுகை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். நீளங்கள் வேறுவேறு. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் அது முன்பக்கத்தையோ போர்டையோ குத்தும்.

4. மூடி வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். எங்கோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. ஸ்விட்சில் பின்கால் தகட்டுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும்.

5. ஷீல்டு வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் ஓரத்தைப் பிளாஸ்டிக்கால் மேல்நோக்கி நெம்புங்கள். இது முடியும்வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

6. பட்டையான ரிப்பன்கள் (கடைகளில் ஸ்ட்ரிப் என்பார்கள்) செருகியிருக்கும் இடத்தில் மயிரிழை அளவு பூட்டு ஒன்று இருக்கும். அதைத் தூக்கிய பிறகே ரிப்பனை எடுக்க வேண்டும். பூட்டு ஒடிந்தால் அந்தக் கனெக்டரையே சால்டர் செய்து மாற்ற வேண்டிவரும்.

ஏசி அறையில் வேலை செய்தால் காற்று உலர்ந்திருக்கும், நிலைமின்சாரம் சேரும். இடையிடையே மண்ணோடு எர்த் ஆன உலோகம் எதையாவது தொட்டுக்கொள்ளுங்கள். ஃபேன் காற்றடிக்கும் மேசை வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூக்கள் அரிசிமணியைவிடச் சிறியவை.

ஸ்டிக் தானாக நகர்கிறது

இந்தச் சாதனங்களின் முதல் வியாதி இதுதான். நீங்கள் தொடாமலே திரையில் ஆள் இடப்பக்கமாக நடந்துகொண்டிருப்பார். கடைகளில் 'டிரிஃப்ட்' என்பார்கள். ஸ்டிக்கின் அடியில் கரித்தடம் பூசிய இரண்டு மின்தடைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் உலோகத் தொடுமுனை உராய்ந்து நகரும்போதெல்லாம் கரி தேயும், பொடி சேரும். மையம் எங்கே என்பது இயந்திரத்துக்குப் புரியாமல் போகிறது.

முதலில் செட்டிங்கில் கேலிபரேஷன் செய்து பாருங்கள். பிறகு ஸ்டிக்கின் ரப்பர்த் தோலைத் தூக்கிச் சில சொட்டு ஐபிஏ விட்டுச் சுழற்றுங்கள். பொடி மட்டும்தான் காரணம் என்றால் சரியாகிவிடும். கரித்தடம் தேய்ந்திருந்தால் சில வாரங்களில் திரும்ப வரும். அப்போது மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்விட்சின் இருபக்கமும் கழற்றி மாட்டும் கைப்பிடியான ஜாய்கானில் இந்த வேலை எளிது. 4 ஒய் ஸ்க்ரூ, 525 எம்ஏஎச் சிறு பேட்டரி, பிறகு 2 ஸ்க்ரூவும் ஒரு ரிப்பனும் பிடித்திருக்கும் ஸ்டிக். முதல்முறை செய்பவருக்கும் ஒரு மாலைப்பொழுதில் முடியும். ஸ்விட்ச் லைட்டில் ஸ்டிக்குகள் உடலோடு சேர்ந்தவை என்பதால் முழுக் கன்சோலையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

புதிய ஸ்டிக் வாங்கும்போது 'ஹால் எஃபெக்ட்' வகையைக் கேளுங்கள். அதில் காந்தம்தான் இடத்தை உணர்த்துகிறது. கரித்தடமும் உராய்வும் இல்லாததால் இந்தத் தேய்மானம் வராது. குலிகிட் போன்ற நிறுவனங்கள் ஜாய்கானுக்கும் ஸ்டீம் டெக்குக்கும் இவ்வகை ஸ்டிக்குகளைச் செய்கின்றன. பழைய விலைக்கே அதே பழைய வகையை இரண்டாம் முறை போடுவதைவிட, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இதைப் போடுவது லாபம்.

பேட்டரி உப்புகிறது

பின்மூடி புடைத்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ, மேசையில் வைத்தால் கன்சோல் ஆடினாலோ, உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். கழற்றியதும் மணல் நிரம்பிய பழைய பெயின்ட் டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள்.

ஒட்டியிருக்கும் பேட்டரியை எடுக்க, ஓரத்தில் சில சொட்டு ஐபிஏ விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துங்கள். வளைத்துத் தூக்குவதுதான் ஆபத்து. புதியது வாங்கும்போது பேட்டரியின் மேல் அச்சடித்த எண்ணைப் பொருத்திப் பாருங்கள். முதல் ஸ்விட்சுக்கு எச்ஏசி-003. பிஎஸ்பிக்கு முதல் மாடலின் 1800 எம்ஏஎச் பேட்டரி தடிமனானது. 2000, 3000 வரிசைகளின் 1200 எம்ஏஎச் பேட்டரி மெல்லியது. தடிமனானதை இவற்றில் போட்டால் மூடி மூடாது. அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் அளவு அசலைவிட மிக அதிகமாக இருந்தால் அந்த எண்ணே பொய்.

தேர்வு முடியும்வரை கன்சோலைப் பீரோவில் பூட்டிவைக்கும் வீடுகள் கவனிக்க: ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றச் சொல்கிறது நிண்டெண்டோ. அடியோடு வடிந்துபோன லித்தியம் பேட்டரி திரும்ப எழாமலே போகலாம்.

கத்திரி வெயிலும் விசிறியும்

ஸ்விட்சுக்கு 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான் உகந்த அறைவெப்பம் என்கிறது நிண்டெண்டோ. ஸ்டீம் டெக்குக்கும் மேல்வரம்பு 35 டிகிரிதான். அதன் சிப் 100 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 105-ல் தானே அணைந்துவிடும். மே மாதம் நம் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டிலும் மொட்டைமாடி அறையிலும் பகல் இரண்டு மணிக்குக் கன்சோல் அணைந்துபோனால் பழுது என்று எண்ண வேண்டாம், அது தன்னைக் காத்துக்கொள்கிறது. சார்ஜ் போட்டபடியே விளையாடுவதை அந்த மாதங்களில் தவிர்த்தால் பேட்டரிக்கு ஆயுள் கூடும்.

இரவிலும் அணைகிறது, விசிறி உறுமுகிறது என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களிலும் லாரி ஓடும் சாலையோரத்திலும் இது சீக்கிரம் நடக்கும். விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் துடைத்து, கையால் அழுத்தும் காற்றுப்பந்தால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் இதழ் அளவுக்கு மீறிச் சுற்றித் தாங்குருளை கெடும். பங்க்சர் கடை கம்ப்ரஸரிடம் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தம் ரிப்பனைக் கிழிக்கும், குழாயில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் போர்டில் தெறிக்கும்.

காற்றுத் துளை வழியே சிறு கரப்பானும் எறும்பும் நுழைந்து குடியிருப்பதும் இங்கே வழக்கம். கன்சோலைச் சமையலறைப் பக்கம் சார்ஜ் போடாதீர்கள்.

சார்ஜ் ஏறவில்லை

நான்கு படிகளில் பாருங்கள். முதலில் வேறு சார்ஜர், வேறு கேபிள். இரண்டாவது, டார்ச் அடித்துச் சார்ஜிங் பின்னுக்குள் பஞ்சு அடைத்திருக்கிறதா, நடு நாக்கு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சை மரக்குச்சியால் எடுங்கள், குண்டூசி வேண்டாம். மூன்றாவது, ஒரு மணி நேரம் சார்ஜில் விட்டுப் பொறுத்திருங்கள். முழுக்க வடிந்த பேட்டரி மெதுவாகத்தான் விழிக்கும். நான்காவது, சி டைப் மீட்டர். பவர் டெலிவரி சார்ஜரைச் செருகியதும் 5 வோல்ட்டில் தொடங்கி, கன்சோலும் சார்ஜரும் ஒத்துக்கொண்டதும் ஸ்விட்சிலும் ஸ்டீம் டெக்கிலும் 15 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். நல்ல சார்ஜரிலும் 5-லேயே நின்றால் பின்னிலோ அதற்குப் பின்னாலுள்ள சிப்பிலோ குறை.

ஸ்விட்சில் அந்த வேலையைப் பார்ப்பது எம்92டி36 என்ற சிப். தரமற்ற டாக்கும் (டிவியோடு இணைக்கும் தாங்கி) சார்ஜரும் முதலில் பலிவாங்குவது இதைத்தான். 2018 மார்ச்சில் வந்த 5.0 மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு சில வெளிநிறுவன டாக்குகளில் போட்ட ஸ்விட்சுகள் செத்துப்போன செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இந்தச் சிப்பையோ பின்னையோ மாற்றுவது கடை வேலை. உங்கள் பங்கு, எந்த இடத்தில் குறை என்று மீட்டர் படத்தோடு கடைக்காரருக்குச் சொல்வது.

பட்டனும் நினைவகமும்

பட்டனை அழுத்தினால் சிலசமயம் மட்டும் வேலை செய்கிறதா? அடியிலுள்ள கரிரப்பரையும் போர்டின் தொடுபரப்பையும் ஐபிஏவில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். தலையில் எண்ணெய் வைத்த கையோடு விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது அடிக்கடி தேவைப்படும்.

நினைவகத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்விட்சில் நீங்கள் விளையாடி எட்டிய நிலைகள் எஸ்டி கார்டில் இல்லை, உள்நினைவகத்தில் இருக்கின்றன. அந்தக் குட்டிப் போர்டை வேறு ஸ்விட்சிலிருந்து எடுத்து மாட்டினால் ஓடாது. ஒவ்வொன்றும் தன் மெயின் போர்டுக்கே உரிய சாவியால் பூட்டப்பட்டது. "வேற போர்டு போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் உங்கள் சேமிப்பு போய்விடும் என்று பொருள். ஸ்டீம் டெக்கில் அந்தச் சிக்கல் இல்லை: எஸ்எஸ்டியை மாற்றி, யுஎஸ்பி வழியே ஸ்டீம்ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம்.

மழைநீரில் நனைந்தால்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் கொரட்டூரையும் மூழ்கடித்தது நினைவிருக்கும். வெள்ளநீர் வெறும் தண்ணீர் அல்ல. சாக்கடையும் உப்பும் எண்ணெயும் கலந்தது. நனைந்த கன்சோலை ஆன் செய்து பார்க்கும் ஆசைதான் அதைக் கொல்கிறது. அணையுங்கள், கார்டுகளை எடுங்கள், முடிந்தால் அன்றே திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் மாவுத்தூள்தான் உள்ளே போகும். சிப்புக்கு அடியிலுள்ள அழுக்கு அப்படியே இருந்து பச்சை பிடிக்கும். போர்டை ஐபிஏ ஊற்றிப் பிரஷ்ஷால் கழுவி, முழுக்க உலர்த்திய பிறகே மின்சாரம் காட்ட வேண்டும். ஷீல்டு தகடு சால்டர் செய்யப்பட்ட போர்டாக இருந்தால் கழுவும் வேலையையும் கடையிலேயே கொடுங்கள். பேட்டரியும் நனைந்திருந்தால் அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

எந்த மாடல் எப்படி

*400 கேம் சப் பெட்டி:* திருவிழாக் கடை முதல் ஆன்லைன் வரை கிடைக்கும் மலிவுச் சாதனம். ஆனால் பழுதுபார்ப்பில் இதற்கு ஈடில்லை. பின்மூடியைத் திறந்தால் இருப்பது நோக்கியா போன்களில் வந்த பிஎல்-5சி பேட்டரி. 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை ஓடிய ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருக்க, இந்தப் பேட்டரி தெரியாத செல்போன் கடை நம் பகுதியில் இருக்காது. முதன்மைச் சிப் மட்டும் கறுப்புப் பசைக்குள் மூடப்பட்டிருக்கும். அது போனால் வேறொன்று வாங்குவதே சிக்கனம்.

*ஆர்36எஸ் போன்ற சீன ரெட்ரோ சாதனங்கள்:* பேட்டரி கனெக்டரோடு வரும், திறப்பது எளிது. பெரும்பாலான 'பழுது' உண்மையில் கூடவே வரும் மட்டமான எஸ்டி கார்டின் பழுது. வாங்கிய அன்றே கார்டை நல்ல நிறுவனக் கார்டுக்கு நகலெடுங்கள்.

*பிஎஸ்பி:* பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம் (பிஎஸ்பி கோ போன்ற சில மாடல்கள் தவிர). கெடுவது பெரும்பாலும் வட்டத்தட்டு ஓட்டும் பாகமும் ஸ்டிக்கும்.

*ஸ்விட்ச், ஸ்விட்ச் ஓஎல்இடி:* பாகங்கள் தாராளம், தொழில்நுட்பம் தெரிந்த கடைகளும் உண்டு.

*ஸ்விட்ச் 2 (2025 ஜூன்):* ஐஃபிக்ஸிட் இதற்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணாகப் பத்துக்கு 3 கொடுத்தது. 5220 எம்ஏஎச் பேட்டரி வலுவாக ஒட்டப்பட்டது, உள்நினைவகம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது, புதிய ஜாய்கானிலும் ஹால் எஃபெக்ட் இல்லை. ஆரம்பத்திலிருந்தே கவர், கண்ணாடி ஒட்டிக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டிய பொருள்.

*ஸ்டீம் டெக்:* வழிகாட்டிகளும் பாகங்களும் அதிகம். பேட்டரியை மட்டும் கடையில் விடுங்கள்.

*ஆசுஸ் ரோக் ஆலை (ROG Ally):* 2023 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. எஸ்எஸ்டியும் ஸ்டிக்கும் மாற்றலாம். எஸ்டி கார்டு செருகுமிடம் சூடான காற்று வெளியேறும் வழியருகே இருப்பதால் கார்டு படிக்காமல் போகும் குறையை நிறுவனமே ஒப்புக்கொண்டது. வாரண்டிக் காலத்தில் நீங்களாகத் திறக்காமல் சர்வீஸ் மையத்தையே முதலில் அணுகுங்கள்.

எங்கே போவது

முதல் இடம் உங்கள் பகுதியில் செல்போன் போர்டு வேலை பார்க்கும் கடை. அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என எங்கும் 'சிப் லெவல்' பலகை மாட்டிய கடைகள் உண்டு. ஐபோன் போர்டில் சிப் மாற்றும் கை, கன்சோல் போர்டிலும் மாற்றும். சிப்பின் அளவும் கருவியும் ஒன்றே. அவரிடம் இல்லாதது உதிரி பாகமும் அந்த மாடலின் படமும்தான். அவை இரண்டையும் நீங்கள் வரவழைத்துக் கையில் கொண்டுபோனால் வேலை நடக்கும்.

அங்கே முடியாததற்கு ரிச்சி தெரு. அம்பத்தூர், ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் இறங்கி, மெட்ரோவில் ஒரே நிலையம் தாண்டினால் அரசினர் தோட்டம். அங்கிருந்து நடக்கும் தூரம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கருவி, ஐபிஏ, தெர்மல் பேஸ்ட், கனெக்டர் எல்லாம் அங்கே கிடைக்கும். பர்மா பஜாருக்குக் கடற்கரை நிலையத்தில் இறங்க வேண்டும். கன்சோல் விற்கும் கடைகளில் சிலர் பழுதும் பார்க்கிறார்கள், செத்த கன்சோலைப் பாகத்துக்காக விற்கவும் செய்கிறார்கள்.

கடையில் கொடுக்கும்போது

- சீரியல் எண்ணையும் வெளிப்புறக் கீறல்களையும் கடைக்காரர் முன்னிலையிலேயே படம் எடுங்கள்.
- கார்டு, ஜாய்கான், உறை எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வெறும் கன்சோலை மட்டும் கொடுங்கள்.
- "திறந்து பார்க்க எவ்வளவு, சரியாகாவிட்டால் எவ்வளவு" என்று முன்கூட்டியே கேளுங்கள்.
- "போர்டு வேலையை இங்கேயே செய்வீர்களா, வெளியே அனுப்புவீர்களா" என்று கேளுங்கள். வெளியே அனுப்புவதில் தவறில்லை, தெரிந்திருக்க வேண்டும்.
- மாற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்குங்கள்.
- சிப் மாற்றினால் எத்தனை நாள் பொறுப்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளத்தைத் தொடங்கியது. எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் கொடுக்கும் திட்டத்துக்கான அறிக்கை 2025 மே மாதம் சமர்ப்பிக்கப்பட்டது. முதல் கட்டம் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும். கேம் கன்சோல் அந்த வரிசையில் இல்லை.

குப்பை விஷயத்தில் சட்டம் முந்தியிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின் பட்டியலில் கையடக்க வீடியோ கேம் கன்சோலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. செத்த போர்டையும் பேட்டரியையும் தனித்தனியாகப் பிரித்து, பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் சேருங்கள். பழைய இரும்புக்காரரிடம் போனால் பேட்டரி எங்கோ ஒரு கிடங்கில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

வாங்கும் முன்

இந்த அத்தியாயத்தின் சாரம் வாங்கும் நாளுக்குத்தான் அதிகம் பயன்படும். கடையில் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் பேட்டரி தனியாகக் கிடைக்குமா? ஸ்டிக்கை மாற்ற முழுவதும் பிரிக்க வேண்டுமா? சேமிப்பு கழற்றக்கூடியதா, போர்டோடு ஒட்டியதா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அது வெளிநாட்டுச் சரக்கானாலும் தைரியமாக வாங்குங்கள். இரண்டுக்காவது நல்ல பதில் இல்லை என்றால், வாரண்டியோடு இந்தியாவில் விற்கும் மாடலைத் தவிர வேறு எதையும் முழு விலை கொடுத்து வாங்காதீர்கள். உங்கள் தெருக் கடைக்காரரால் திறக்க முடிகிற கன்சோல்தான் உங்கள் வீட்டில் நீண்ட நாள் ஓடும்.